விமானத்தின் வயிற்றில் ஒரு பிரம்மோஸ்



ஏவுகணை என்றதும் தரையிலிருந்து புகை கக்கிக் கிளம்பும் காட்சிதான் நம் நினைவுக்கு வரும். பழவேற்காட்டுப் பக்கத்துப் பையனான எனக்குக் கேட்கவே வேண்டாம். ஏரிக்கு அந்தப்புறம் ஸ்ரீஹரிகோட்டா! ஆனால் பறக்கிற விமானத்திலிருந்து ஏவுவது வேறு சங்கதி.

2020 ஜனவரி 20-ந் தேதி தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222-வது ஸ்குவாட்ரன், சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு சேவையில் சேர்க்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் சுகோய் அணி இது. பெயர் 'டைகர்ஷார்க்ஸ்', நம்ம மீனவர் பாஷையில் புலிச்சுறா! இதன் முக்கிய ஆயுதம் பிரம்மோஸ். பிரம்மபுத்ரா, மாஸ்க்வா என்ற இரண்டு ஆறுகளின் பெயரைச் சேர்த்த இந்த இந்திய-ரஷ்யக் கூட்டு முயற்சிக்கு முதலில் தலைமை தாங்கியவர் நாகர்கோவில்காரரான சிவதாணு பிள்ளை.

சிக்கல் எடையில்தான். கப்பலிலிருந்து ஏவும் பிரம்மோஸ் சுமார் 3 டன். இதில் இருப்பது ராம்ஜெட் எஞ்சின். இதற்குக் கம்ப்ரஸர் கிடையாது. வேகத்தினாலேயே காற்று உள்ளே அமுங்க வேண்டும். ஆகவே நின்ற இடத்திலிருந்து அது கிளம்பாது. திட எரிபொருள் பூஸ்டர் ஒன்று முதலில் தள்ளிவிட வேண்டும். விமானமோ வேகத்தையும் உயரத்தையும் ஏற்கெனவே கொடுத்துவிடுகிறது. பூஸ்டரைச் சிறிதாக்கினார்கள், எடை 2.5 டன்னுக்கு இறங்கியது.

அதுவே பெரிய பாரம்தான். நாசிக் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் விமானத்தின் அடிப்பாகத்தைப் பலப்படுத்தி, வயரிங்கையும் மாற்றினார்கள். 2016 ஜூன் 25-ல் ஏவுகணையைச் சுமந்து முதன்முதலாகப் பறந்தது. சும்மா சுமந்து பார்த்ததற்கும் சுட்டுப் பார்த்ததற்கும் இடையே ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. 2017 நவம்பர் 22-ல்தான் வங்கக் கடலில் ஓர் இலக்கைத் தாக்கிக் காட்டினார்கள்.

விடுவிக்கும் நொடிதான் ஆபத்தானது. ஏவுகணை முதலில் கல் மாதிரி கீழே விழ வேண்டும். வால் துடுப்புகள் அதை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். தள்ளிப் போன பிறகே பூஸ்டர் பற்றும். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பற்றினால் விமானம் கதி என்ன? அதே சமயம் 2.5 டன் சட்டென்று கழன்றதும் விமானம் மேலே எகிறப் பார்க்கும். அதையும் சமாளிக்க வேண்டும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்தக் கொக்கியை யோசித்துப் பாருங்கள்!

பிறகு வேகம் மாக் 2.8. 290 கி.மீ. தூரத்தை ஐந்தாறு நிமிஷத்தில் கடக்கும். மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினவர் அத்திப்பட்டு சேர்வதற்குள் முடிந்துவிடும். விமானி எதிரிக் கப்பலின் அருகே போகவே வேண்டியதில்லை. 2022 மே 12-ல் இன்னும் கூடுதல் தூரம் போகும் வகையையும் சோதித்தார்கள்.

ஒரே குறை, சுகோய் ஒன்று தூக்குவது ஒரு பிரம்மோஸ்தான். எடை குறைந்த பிரம்மோஸ்-என்.ஜி. உருவாக்கப்பட்டு வருவது இதற்காகத்தான்.