ஈர்ப்பே இல்லாமல் கூடும் துகள்கள்

நம்பிக்கை: துகள்கள் ஓரிடத்தில் திரள வேண்டுமானால் அவற்றுக்கிடையே ஈர்ப்பு விசை இருந்தே ஆக வேண்டும்.

உண்மை: தானாக நகரும் துகள்களுக்கு இந்த விதி செல்லாது. அவை ஒன்றையொன்று விலக்கினாலும் கூட்டம் சேரும். நெரிசலில் துகளின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த இடத்தில் அது அதிக நேரம் தங்குகிறது. அதனால் நெரிசல் இன்னும் கூடுகிறது. நீந்தும் பாக்டீரியாக்களை முன்வைத்து ஜூலியன் தாய்யரும் மைக்கேல் கேட்ஸும் 2008இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். ஐந்தே ஆண்டுகளில் ஆய்வகத்திலும் பார்த்துவிட்டார்கள்: ஒரு பாதியில் கரி பூசிய சிலிக்கா மணிகள், ஒளி பட்டதும் நீந்தத் தொடங்கி, பெரிய கொத்துகளாகவும் ஐதான வெளியாகவும் பிரிந்தன.

நம்பிக்கை: நீரும் நீராவியும் போலப் பிரிவதால் அதே வெப்ப இயக்கவியல் இங்கும் பொருந்தும்.

உண்மை: தோற்றம் ஒன்று, உள்விவகாரம் வேறு. இங்கே ஒவ்வொரு துகளும் இடைவிடாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. பொதுவாக இத்தகைய பாய்மம் சுவர்மீது தரும் அழுத்தம் அந்தச் சுவரின் தன்மையையும் பொறுத்தது என்று 2015இல் தெரியவந்தது.

நம்பிக்கை: மாறுநிலைப் புள்ளியில் இவை எப்படி நடந்துகொள்ளும் என்பது தீர்ந்துபோன கேள்வி.

உண்மை: இங்குதான் ஆய்வாளர்களே இரு பக்கம் நிற்கிறார்கள். அந்தப் புள்ளியை நெருங்க நெருங்க, அடர்ந்த பகுதிக்கும் ஐதான பகுதிக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு சுருங்கி மறைகிறது. எவ்வளவு வேகமாக மறைகிறது என்பதை ஓர் அடுக்கெண் சொல்லும். காந்தத்தை விளக்க வந்த ஈசிங் மாதிரியில், இருபரிமாணத்தில், அது 1/8; சி. என். யாங் 1952இல் அதை நிறுவினார். சாதாரண வாயு–திரவ மாற்றமும் அதே அடுக்கெண்ணைப் பகிரும் ஈசிங் குடும்பமே. சுயமாக இயங்கும் துகள்களும் அதே குடும்பமா? 2018இல் ஜெர்மன் குழு ஒன்று கணினியில் அளந்து, இல்லை என்றது. 2019இல் பார்ட்ரிஜும் லீயும், துகள்கள் குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டுமே நிற்கக்கூடிய பின்னல் மாதிரியில், ஆம் என்றனர். 2021இல் பின்னல் இல்லாத பெரிய உருவகப்படுத்தலும் ஆம் என்றது. அதே ஆண்டில் பின்னல் மாதிரிகளில் மறுபடியும் விலகல் தென்பட்டது.

யாருடைய கவனக்குறைவும் இந்த முரண்பாட்டுக்குக் காரணமல்ல. மாறுநிலையில் அடர்த்தியின் ஏற்ற இறக்கங்கள், உருவகப்படுத்தல் நடக்கும் பெட்டியின் அளவுக்கே வளர்கின்றன. பெட்டி சிறியதென்றால் அடுக்கெண் பிழைபடும். ஈசிங் பக்கமே சான்று கனக்கிறது என்பது என் கணிப்பு. ஆனாலும் இயக்கம் தீவிரமாகும்போது, முழுப் பிரிவுக்குப் பதில் சிறுசிறு திட்டுகளாகவே நின்றுவிடும் வாய்ப்பையும் கோட்பாடு காட்டுகிறது. அதனால் இனி யாராவது ‘ஈசிங்தான்’ என்றோ ‘இல்லவே இல்லை’ என்றோ அடித்துச் சொன்னால், எந்த மாதிரி, எவ்வளவு பெரிய பெட்டி என்று முதலில் கேளுங்கள்.