சுளுக்கும் பிடிப்பும்: உழைக்கும் உடம்பை அறிந்துகொள்வோம்



நமுனுகுல மலையடிவாரத்தில் புதிதாகக் குடியமர்ந்த சில குடும்பங்களைச் சந்திக்க அண்மையில் சென்றிருந்தோம். வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டும் வேலை தொடங்கியிருந்தது. முதல் நாள் மம்பட்டி பிடித்தவர்கள் பதினொரு பேர். மறுநாள் வந்தவர்களோ ஆறு பேர்தான். மற்றவர்கள் எங்கே என்று கேட்டோம். "சாமி, அவங்களுக்கு நரம்பு பிசகிடுச்சு, எழும்ப ஏலாதாம்" என்றார்கள்.

போய்ப் பார்த்தோம். ஒருவர் சுடச்சுட எண்ணெய் போட்டு, வலிக்க வலிக்க உருவிவிட்டுக்கொண்டிருந்தார். மற்றொருவர் பக்கத்து வீட்டு மாமாவின் மாத்திரையை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கியிருந்தார். மூன்றாமவர் பாயில் படுத்தவர் ஒரு வாரம் எழும்பவேயில்லை. அந்த வாரச் சம்பளமும் போனது, சுகமும் பிந்தியது. மூவரும் கேட்டறிந்தபடிதான் செய்தார்கள். ஆகவே இம்முறை பாடத்தை இதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் 'நரம்பு' என்ற சொல்லைப் பார்ப்போம். எம்மவர்கள் உடம்பில் எங்கே இழுத்தாலும் நரம்பு என்கிறார்கள். நரம்பு என்பது மூளையின் கட்டளையைக் கொண்டுபோகும் கம்பி போன்றது. பாரம் தூக்குவது தசை. தசையை எலும்போடு கட்டிவைப்பது தசைநாண். தசை என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு, கொச்சக்கயிற்றில் தும்புகள் சேர்ந்திருப்பதைப்போல. தாங்க இயலாத பாரம் வரும்போது அத்தும்புகளில் சில அறுகின்றன. பெரும்பாலும் தசை தசைநாணோடு சேரும் இடத்திற்கு அருகில்தான் அறும். இதைத் தசைக் கிழிவு என்கிறோம். சில இழைகள் மட்டும் அறுந்தால் வலி இருக்கும், பலம் குறையாது; இரண்டு மூன்று வாரங்களில் சுகமாகும். அதிகம் அறுந்தால் வீக்கமும் இரத்தம் கட்டிய நீலமும் தோன்றும். ஒன்றிரண்டு மாதம் செல்லலாம். முழுவதும் அறுந்தால் அந்த உறுப்பைப் பயன்படுத்தவே முடியாது. சில வேளை தசையில் ஒரு பள்ளம் கையில் தட்டுப்படும். அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிடிப்பு என்பது வேறு. அதிலே இழை அறுந்திருக்க வேண்டியதில்லை. நாம் சொல்லாமலே தசை தானாக இறுகி, விடமாட்டேன் என்று நிற்கிறது. சில நேரம் அது ஒரு காவல். இடுப்பில் ஏதோ நொந்துவிட்டது என்று கண்ட உடம்பு, அந்த இடத்தை அசையவிடாமல் சுற்றியுள்ள தசைகளை இறுக்கிப் பிடிக்கிறது. காவல் தேவைக்கு மேல் நீண்டால் காவலே வலியாகிவிடும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது ஏன் கூடுதலாக வருகிறது? 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை அடித்தபோதும் மக்கள் பொதுக் கட்டடங்களில் தங்க நேர்ந்தது. அங்கே என்ன நடக்கிறது? தினமும் மலை ஏறி இறங்கிய கால்கள் வாரக்கணக்கில் சும்மா இருக்கின்றன. தசை பயன்படுத்தாவிட்டால் மெலியும். சிமெந்துத் தரையில் மெல்லிய பாயில் படுக்கை, கவலையால் தூக்கமில்லை. கவலை கழுத்தையும் தோளையும் இறுக்கிவிடும். பிறகு ஒரு நாள் நிலம் கிடைக்கிறது. மனம் பழைய பலத்தை நினைத்து மம்பட்டியைத் தூக்குகிறது, உடம்போ புதிய பலவீனத்தில் இருக்கிறது. பதினொரு பேரில் ஐந்து பேர் படுத்ததை நாம் சோம்பல் என்று எண்ணக் கூடாது. (அன்று எம்முடன் வந்த ஒருவர் அப்படித்தான் சொன்னார். அடுத்த நாள் அவரே இரண்டு மணித்தியாலம் மம்பட்டி பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.)

மலைநாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. ஏற்றம்தான் கஷ்டம், இறக்கம் இலேசு என்று நினைக்கிறோம். மூச்சுக்கு அது உண்மை, தசைக்கு அல்ல. கொழுந்து மூட்டையோடு இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே பாரத்தைத் தடுத்துப் பிடிக்கிறது, லொறி பள்ளத்தில் பிரேக் பிடித்தபடி இறங்குவதுபோல. இப்படி நீளும்போது வேலை செய்யும் தசையில்தான் இழைகள் அதிகம் நோகின்றன. அதனால்தான் வலி அன்று தெரியாது. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வரும். இந்த வலி தானாக மாறும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: முதலில் குறைவாக இப்படி வேலை செய்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. ஆகவே நெடுநாள் ஓய்ந்திருந்தவர் முதல் நாள் அரை நேரம், பாதிப் பாரம் என்று தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் முழு வேலைக்கு வரட்டும்.

தசை கிழிந்துவிட்டது. என்ன செய்வது?

முதல் இரண்டு மூன்று நாட்கள் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அந்நேரம் சூட்டெண்ணெய் பூசி உருவினால் கசிவு கூடும். வலிந்து பிசைந்த தசைக்குள் எலும்பு போன்ற கட்டி வளர்ந்துவிடுவதும் உண்டு. சுளுக்கு எடுக்கும் பெரியவர்களின் கையை நாம் குறை கூறவில்லை. காலம்தான் பிழை. முதல் மூன்று நாட்கள் அவர்கள் பொறுத்திருக்க வேண்டும். பீலித் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் வலி குறையும். எங்கள் மலைத் தண்ணீர் போதும், ஐஸ் தேடத் தேவையில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978 இல் சேர்த்துச் சொன்னவர் கேப் மேர்க்கின் என்ற அமெரிக்க வைத்தியர். அவரே 2014 இல், ஐஸும் முழு ஓய்வும் சுகப்படுவதைப் பிந்தச் செய்யலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே குளிர் வலிக்கு மட்டும், கொஞ்ச நேரம் மட்டும். காலென்றால் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். துணியால் கட்டினால் விரல் மரக்காத அளவுக்குக் கட்டுங்கள். மூன்று நாட்களுக்குப் பின் சூடான ஒத்தடமும் மெதுவான தடவலும் நல்லது. அடிபடாமல் வந்த கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் முதல் நாளிலிருந்தே சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம்.

படுத்துக் கிடப்பதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 1986 இல் அமெரிக்காவில் இடுப்பு வலிக்காரரில் ஒரு பகுதியினரை இரண்டு நாளும் மறு பகுதியினரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் படுத்தவர்கள் இழந்த வேலை நாட்கள் மற்றவர்களைவிட 45 வீதம் குறைவு, சுகத்தில் வித்தியாசமில்லை. 1995 இல் பின்லாந்தில் செய்த ஆய்வில், படுக்காமல் இயன்ற அளவு வழமையான வேலைகளைச் செய்தவர்களே விரைவாகத் தேறினார்கள். எனவே இடுப்புப் பிடித்தவர் முற்றத்தில் நடக்கட்டும், கேத்தலை அடுப்பில் வைக்கட்டும், பிள்ளைக்குத் தலை வாரட்டும். கொஞ்சம் வலிப்பதால் தசை மேலும் கிழிந்துவிடாது. வலி கூடிக்கொண்டே போனால் மட்டும் நிறுத்தட்டும்.

இரவில் கெண்டைக்கால் இழுத்தால் காலை நீட்டி, பாத விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். எழுந்து காலைத் தரையில் ஊன்றினாலும் விடும்.

மாத்திரை விடயம். பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரையில், பெரியவர் ஒருவர் ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில் எடுக்கலாம்; ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. மது அருந்துபவரும் ஈரல் நோயாளரும் இன்னும் குறைக்க வேண்டும். டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்றவை வேறு வகை. அவை குடற்புண்ணைக் கிளறும், சிறுநீரகத்தைத் தாக்கும். எமது மாவட்டத்திலேயே கிராந்துருகோட்டேப் பகுதியில் எத்தனை விவசாயக் குடும்பங்கள் சிறுநீரக நோயால் வாடுகின்றன என்பது நீங்கள் அறிந்ததே. வைத்தியர் சொல்லாமல் அவற்றை எடுக்க வேண்டாம். காய்ச்சலோடு உடம்பு வலித்தால் எடுக்கவே கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தப் பெருக்கு ஏற்படும்.

காய்ச்சல் என்றதும் நாம் மிகவும் அஞ்சும் ஒன்று உண்டு. வயலிலோ கானிலோ சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும், கெண்டைக்காலைத் தொட முடியாத வலியும், கண் சிவப்பும் வந்தால் அது சுளுக்கல்ல, எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2008 இல் மட்டும் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய் என்று சந்தேகிக்கப்பட்டது. இருநூறு பேரளவில் இறந்தார்கள். எண்ணெய் பூசி இரண்டு நாள் காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடும். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். "சேற்றில் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

பழக்கமில்லாத கடும் வேலைக்குப் பின் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனாலும், இடுப்பு வலியோடு இரண்டு கால்களும் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுக்கு மீறினாலோ அடைபட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறினாலும், நெஞ்சை அழுத்தி இடது கைக்கு வலி பரவினாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி வராமல் காப்பது. "முழங்காலை மடித்துத் தூக்கு" என்று சுவரில் படம் ஒட்டுவார்கள். அது பிழையல்ல. பாரம் உடம்போடு ஒட்டியிருக்கட்டும், தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். ஆனால் தூக்கும் முறையைக் கற்பித்தது மட்டும் இடுப்பு வலியைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. குறைய வேண்டியது பாரம். அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் 1991 இல் வகுத்த கணக்கின்படி, எல்லா வசதியும் உள்ள இடத்திலேயே ஒருவர் தூக்கத் தக்கது 23 கிலோ. எங்கள் உரப் பையும் சிமெந்துப் பையும் 50 கிலோ. அதையும் சறுக்கும் படிக்கட்டில் சுமக்கிறோம்.

நாம் மேலே சொன்ன குடியேற்றத்தில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பையை ரோட்டிலேயே பிரித்து இரண்டாக்கிக் கட்டுகிறார்கள். இருவர் ஒரு கம்பில் தொங்கவிட்டும் தூக்குகிறார்கள். தண்ணீரை ஒரே கையில் 20 லீற்றர் கானில் எடுக்காமல், இரண்டு கையிலும் பத்துப் பத்தாக எடுக்கிறார்கள். நடை இரண்டாகிறது என்று இளைஞர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். ஒரு அக்கா அவர்களிடம், "தம்பி, போன வாரம் நீ படுத்த நாளையும் சேர்த்துக் கணக்குப் பாரு" என்றார்.

சம்பளத்துக்கு வேலை செய்யும்போது விபத்தில் காயப்பட்டால், அன்றே பொறுப்பாளரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வைத்தியத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. நாளைக் கூலிக்குப் போகிறவர்களும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் காயம் வேலைத்தலத்தில்தான் ஏற்பட்டது என்பதற்கு ஓர் எழுத்து வேண்டும். எனவே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, திகதியையும் கூட நின்றவர்களின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது.