சிம்லாவில் பிறந்த கால்பந்துச் சம்மேளனம்

கேள்வி: 1893-இலேயே இந்தியக் கால்பந்துச் சங்கம் இருக்க, 1937-இல் இன்னோர் அமைப்பு எதற்கு?
– வாசகர், வத்திராயிருப்பு

பதில்: கல்கத்தாவில் தோன்றிய அச்சங்கம் நடைமுறையில் வங்காளத்து ஆட்டத்தையே நிர்வகித்து வந்தும், நாடு முழுவதற்கும் தானே பேச முற்பட்டதைப் பிற மாகாணச் சங்கங்கள் ஏற்கவில்லை, அக்குறை நியாயமானதே. நீண்ட இழுபறிக்குப் பின், 1937 ஜூன் 23 அன்று சிம்லா ராணுவத் தலைமையகத்தில் ஆறு வட்டாரச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, பல சங்கங்கள் பொது விதிகளின்கீழ் இணையும் கூட்டமைப்பாக அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை நிறுவினர். ராணுவ அணிகள் அக்காலப் போட்டிகளில் ஓங்கியிருந்ததால், அவ்விடம் பொருத்தமாகவே அமைந்தது. 1948-இல் அச்சம்மேளனம் உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபாவில் சேர்ந்தது. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை 1941-இல் தொடங்கியது. அதில் தமிழ்நாட்டு அணிக்காக ஆட விரும்பும் வத்திராயிருப்பு இளைஞர், தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்தின் தேர்வு வழியாகவே செல்ல வேண்டும்.