குடியானவரின் மோட்டார் ஸைக்கிள்: தீப்பொறியும் காற்றும்

முன்னாளில் பூலாம்பாடிக் குடியானவருக்கு மாட்டு வண்டி எவ்வளவு இன்றியமையாததாயிருந்ததோ, அவ்வளவு இன்றியமையாததாக இந்நாளில் மோட்டார் ஸைக்கிள் ஆகிவிட்டது. பச்சைமலை அடிவாரத்துக் கொல்லைகளுக்கு உர மூட்டை ஏற்றிச் செல்வதும், பால் கேன் கொண்டு போவதும், சின்ன வெங்காயத்தை மண்டியில் சேர்ப்பதும் இதன் மேலேதான். பயிர்க் கணக்கெடுக்கப் புறப்படும் கிராம நிர்வாக அலுவலரும் இதனையே நம்பியிருக்கிறார். 1950-களில் சென்னையில் புல்லட் வண்டி உருவாகத் தொடங்கியது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. அதன் பின்னரே சிறு குடியானவர் வீட்டு வாசலிலும் இயந்திர வண்டி நின்றது.

மாடு தீனி எடுக்காவிட்டால் காரணம் இன்னதென்று ஊகிக்க வல்ல நம் குடியானவர், வண்டி கிளம்பாவிட்டால் மட்டும் கைகட்டி நிற்கிறார். அல்லது யாரோ சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு சாமானாக வாங்கி மாட்டுகிறார். இவ்விரண்டும் வேண்டியதில்லை. பெரும்பாலான கோளாறுகள் இஞ்சினுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை ஒழுங்கு முறையில் தேடும் வழியை இங்கு எடுத்துரைப்போம்.

இரண்டு பருவங்கள், இரண்டு நோய்கள்

பெட்ரோல், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய அளவில் உரிய நேரத்தில் கூடினால் இஞ்சின் ஓடும். ஒன்று குறைந்தாலும் நிற்கும். பெட்ரோல் உண்டா இல்லையா என்பதை எவரும் எளிதில் பார்த்துக்கொள்வர். மற்ற இரண்டுமே தொல்லை தருவன. நம் பகுதியில் இவற்றுக்குப் பருவமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தினால் தீப்பொறி கெடுகிறது. தை, மாசியில் மக்காச்சோளம் அடிக்கும் காலத்துப் புழுதியினால் காற்று வரும் வழி அடைபடுகிறது. ஆகையால் இப்பாடத்தை இரு பகுதிகளாகப் பிரித்துக்கொள்வோம்.

முதற் பகுதி: தீப்பொறி

ஓர் ஐப்பசி மாதத்தில் இவ்வட்டாரக் குடியானவர் ஒருவர் விடியற்காலையில் இரண்டு மூட்டை வெங்காயத்துடன் புறப்பட்டார். பாதி வழியில், மழைத் தூறலில் வண்டி நின்றுவிட்டது. உதைத்து உதைத்துக் கால் வலித்ததேயன்றி வண்டி கிளம்பவில்லை. மண்டிக்குப் போய்ச் சேருமுன் ஏலம் முடிந்தது. நனைந்த சரக்குக்கு விலையும் குறைந்தது. காயில் போயிருக்கும் என்று ஒருவர் சொல்லப் புதுக் காயில் மாட்டினார். சி.டி.ஐ. பெட்டி போயிருக்கும் என்று மற்றொருவர் சொல்ல அதையும் மாட்டினார். பயனில்லை. முடிவில், ஹாண்டில் கழுத்தருகே ஒரு வயர் உராய்ந்து தோல் உரிந்து, சட்டத்தின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்யச் சில காசுக்கு மேல் செலவாகவில்லை. வாங்கிய இரண்டு சாமான்களும் வீண்.

இத்தகைய நஷ்டம் நேராதிருக்க, மின்சாரம் செல்லும் பாதையை அறிந்துகொள்ளல் நலம். கார்ப்பரேட்டர் உள்ள வண்டிகள் பலவற்றில், இஞ்சினோடு சுழலும் மாக்னெட் மின்சாரத்தை உண்டாக்குகிறது. சி.டி.ஐ. பெட்டி அதைச் சேமித்து வைத்து, உரிய கணத்தில் காயிலுக்கு விடுகிறது. காயில் அதனைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. அது தடித்த வயர் வழியாகப் பிளக்குக்கு வந்து, சிறு இடைவெளியைத் தாண்டும்போது பொறி பிறக்கிறது. வாய்க்காலில் நீர் வராவிட்டால் கடைமடையிலிருந்து மேல்நோக்கி நடந்து உடைப்பைத் தேடுகிறோமல்லவா? அதுபோலவே பிளக்கிலிருந்து பின்னோக்கித் தேடவேண்டும்.

1. பெட்ரோல் குழாயை மூடி, கசிவு இல்லையென்று பார்த்துக்கொள்க. அருகில் பீடி, விளக்கு கூடாது. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைக் கவனிக்க. காப்பிப் பொடி நிறமாயின் நலம். கறுத்துக் கரி படிந்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி.

2. பிளக்கைத் துடைத்து, மூடியில் செருகி, பிளக்கின் மரைப் பாகம் இஞ்சினின் வெறும் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைக்க. பிளக் கழற்றிய துவாரத்துக்கு அப்பால் வைக்கவேண்டும். அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். கையால் பிளக்கைத் தொடாமல், ரப்பர் உறையிட்ட குறட்டினால் மூடியைப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திறந்து மற்றொருவரை உதைக்கச் சொல்க. நீல நிறத்தில் 'டப்' என்று பொறி பறந்தால் மின்சாரப் பாதை சரி. செந்நிறமாய் மெலிந்திருந்தாலோ, பொறியே இல்லாவிட்டாலோ மேலே தொடர்க. பிளக்கை உலோகத்தில் படவிடாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு உதைத்தல் கூடாது, காயிலும் சி.டி.ஐ.யும் கெடும்.

3. புதுப் பிளக் ஒன்றை வைத்துப் பார்க்க. பிறகு பிளக் மூடியைத் தடித்த வயரிலிருந்து திருகிக் கழற்றி, வயரின் நுனியில் அரைச் சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மீண்டும் திருகுக. மழைக்காலத்தில் நுனிக் கம்பி பச்சைக் களிம்பேறியிருப்பது வழக்கம்.

4. மேற்கூறிய மாக்னெட் வகை வண்டிகளில், சாவியை மூடும்போது ஒரு வயர் சட்டத்து இரும்போடு இணைந்து பொறியை நிறுத்துகிறது. அந்த வயர் தானாகவே இரும்பைத் தொட்டால், சாவி திறந்திருந்தும் பொறி வராது. மேற்சொன்ன குடியானவருக்கு நேர்ந்தது இதுவே. வண்டியின் கைப்புத்தகத்தில் அவ்வயரின் நிறத்தைப் பார்த்து, சி.டி.ஐ. பெட்டியருகே அதை மட்டும் கழற்றி உதைத்துப் பார்க்க. பொறி வந்தால் காயிலும் சி.டி.ஐ.யும் நல்லவையே, குற்றம் அந்த வயரிலோ சுவிட்சிலோ உள்ளது. அவ்வயர் கழன்றிருக்கும் வரை சாவியால் இஞ்சினை நிறுத்த முடியாது என்பதை நினைவில் வைக்க.

5. ஹாண்டிலை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே பொறியைச் சோதிக்க. திருப்பும்போது பொறி மறைந்து தோன்றினால் கழுத்தருகே வயர் உராய்ந்திருக்கிறது அல்லது உள்ளே அறுந்திருக்கிறது.

6. காயில் சட்டத்தோடு முடுக்கப்பட்ட இடத்தில் துருவோ பெயிண்டோ இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி முடுக்குக. கப்ளர்களைப் பிரித்து ஈரத்தைத் துடைத்து, களிம்பைச் சுரண்டி, சிறிது வாஸ்லின் தடவிச் சேர்க்க. சோளக் கதிர் குவித்த கொட்டகையில் நிறுத்திய வண்டியாயின், சீட்டுக்கு அடியில் எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க.

இவ்வளவும் செய்து பொறி வராவிட்டால் மட்டுமே மாக்னெட், சி.டி.ஐ., காயில் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டிச் சோதிக்கவேண்டும்.

பாட்டரியிலிருந்து மின்சாரம் பெறும் சி.டி.ஐ. வண்டிகளும் உண்டு. அவற்றில் நான்காம் சோதனை பொருந்தாது. முதலில் பாட்டரி முனைகளையும் பியூஸையும் பார்க்கவேண்டும். பழைய புல்லட் போன்ற வண்டிகளில் சி.டி.ஐ.க்குப் பதிலாகப் பாயிண்டு உண்டு. அதைத் துடைத்து, இடைவெளியைக் கைப்புத்தகப்படி வைத்தாலே பெரும்பாலும் போதும். பாயிண்டு அடிக்கடி கருகினால் கண்டென்ஸரைச் சந்தேகிக்க. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையையும் பொறியையும் ஒரு சிறு கணினியே நடத்துகிறது. அவற்றில் பிளக், பாட்டரி முனை, பியூஸ், காற்று வடிகட்டி ஆகியவற்றைத் தவிர வேறெதையும் வீட்டில் தொடாதிருத்தல் நன்று.

வயரை ஒட்டுப் போடும்போது, முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தினால் அடுத்த மழை வரையே அது தாங்கும். அதே தடிப்புள்ள வயரை எடுத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் உறையை மேலே ஏற்றவேண்டும். கழுத்தருகே ஹாண்டில் திரும்பச் சற்றுத் தளர்ச்சி விடவேண்டும். பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் செருகுவோர் பலர். அவ்வாறு செய்தால் பியூஸ் எரிவதற்குப் பதிலாக வயர் முழுவதும் எரியும்.

இரண்டாம் பகுதி: காற்று

இதில் என் தவறு ஒன்றையே முதலிற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வடிகட்டியை எடுத்துவிட்டால் இஞ்சினுக்குக் காற்று தாராளமாய்க் கிடைத்து இழுவை கூடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, என் வண்டியில் அதைக் கழற்றிவிட்டேன். ஓசை கூடிற்று, இழுவையும் கூடினதாக எண்ணி மகிழ்ந்தேன். அந்தத் தை, மாசி இரு மாதமும் மக்காச்சோளம் அடிக்கும் களங்களுக்கே என் பயணம். பங்குனியில் சைலன்ஸரில் நீலப் புகை கண்டது. ஆயில் குறைந்துகொண்டே வந்தது. பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. போர் கடைந்து புதுப் பிஸ்டன் போட நேர்ந்தது. பிறருக்குப் பாடம் சொல்லும் உத்தியோகத்திலிருந்த நானே இவ்வாறு ஏமாந்தேன்.

காரணத்தைக் கணக்கிட்டு அறியலாம். ஒரு கிலோ பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு; ஆகவே அதற்கு 11 கிலோ அளவு காற்று, அதாவது ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று உள்ளே செல்கிறது. ஒரு மனிதன் ஒரு நாள் முழுவதும் சுவாசிக்கும் காற்றுக்கு இது ஏறத்தாழச் சமம். களத்துப் புழுதியில் மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளும் நாம், வண்டியின் மூக்கிலிருந்து துண்டை அவிழ்த்துவிடுவது தகுமா?

புழுதியிலுள்ள மணல் துகள் இரும்பினும் கடினமானது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள வெளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே. அங்கே மணலும் ஆயிலும் கலந்தால் உப்புத்தாள் தேய்ப்பது போலாகும். மேலும், கார்ப்பரேட்டரின் அளவுகள் வடிகட்டி இருப்பதாகவே கொண்டு அமைக்கப்பட்டவை. அதை நீக்கினால் காற்று மிகுந்து, கலவை நீர்த்து, இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். வடிகட்டிப் பெட்டியில் ஓட்டையிடுவதும் இவ்வகையே. கிணற்று மோட்டாரில் நீர் அதிகம் வருமென்று புட்வால்வின் சல்லடையைக் கழற்றுவார் உண்டோ? உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம்.

ஆயின் காற்று வரவை வீட்டிலேயே சீர்ப்படுத்த வழியில்லையா? உண்டு. உள்ள வழியைச் சுத்தமாகவும் சந்து இல்லாமலும் வைப்பதே அது.

1. ஸ்பாஞ்சு வடிகட்டியை மண்ணெண்ணெயிலோ சோப்பு நீரிலோ அமுக்கி அமுக்கிக் கழுவுக; முறுக்கினால் கிழியும். பெட்ரோலில் கழுவுதல் அபாயம். நிழலில் நன்றாய் உலர்த்திப் புது இஞ்சின் ஆயிலில் நனைத்து, மிகுதியைப் பிழிந்துவிட்டு மாட்டுக. புழுதியைப் பிடிப்பது அந்த ஆயிற்பசையே.

2. உலர்ந்த காகித வடிகட்டியை மெதுவாய்த் தட்டி, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக இலேசாகக் காற்று ஊதுக. நீரும் ஆயிலும் படக்கூடாது. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் ஓட்டையோ கிழிசலோ தெரிந்தால் எறிந்துவிடுக. உற்பத்தியிலேயே ஆயில் ஏற்றிய காகித வடிகட்டிகளைச் சுத்தம் செய்தலாகாது. காலம் வந்ததும் மாற்றவேண்டும்.

3. வடிகட்டியின் விளிம்பு பெட்டியில் சரியாகப் படிந்திருத்தல் வேண்டும். பெட்டிக்கும் கார்ப்பரேட்டருக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தாலும், கிளாம்பு தளர்ந்தாலும் வடிகட்டாத புழுதி அவ்வழியே புகும். பெட்டியின் அடிக் குழாயில் தேங்கிய அழுக்கை வடித்துவிடுக.

4. கைப்புத்தகத்தில் குறித்த தூரம் நல்ல சாலைக்குரியது. களத்துப் புழுதியிலும், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் லாரிகள் செல்லும் சாலைகளிலும் ஓடும் வண்டிக்கு அதில் பாதித் தூரத்திலேயே வடிகட்டியைப் பார்க்கவேண்டும்.

செய்ய வேண்டிய காலம்

இவற்றை மறவாதிருக்க இரு நாட்களைக் குறித்துக்கொள்ளலாம். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் இடுகிறோம். அதற்கு முன்தினம் வயர், கப்ளர், பிளக் ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் ஐப்பசி மழைக்கு வண்டி ஆயத்தமாகும். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டும் கையோடு காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்க. களத்து வேலை முடிந்ததும் மறுபடி ஒருமுறை செய்க. ஒரு பிளக் ஸ்பேனர், நல்ல பிளக் ஒன்று, உப்புத்தாள், டேப், உபரிப் பியூஸ் ஆகியவற்றைச் சீட்டுக்கு அடியில் எப்பொழுதும் வைத்திருப்பது நலம்.

ஒரு சாமானை வாங்குமுன் ஒரு சோதனையைச் செய்து பார்ப்பதே இப்பாடத்தின் சாரம். இதனால் பணம் மிஞ்சும். சரக்கும் நேரத்தில் மண்டி சேரும். கிராம அதிகாரிகள் இச்சோதனைகளை ஊர்ப் பொது இடத்தில் ஒரு வண்டியை வைத்துச் செய்து காட்ட ஏற்பாடு செய்வார்களாயின், குடியானவர்களுக்குப் பெரிதும் பயன்படும்.