ஐடிலில் நிற்காத பழைய மோட்டார் சைக்கிள்: காபரேட்டரை மாற்றுவதற்கு முன்

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கித் திருத்தி விற்பது நம்மிடையே சிலருக்கு நல்ல பகுதிநேரத் தொழில். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பாவித்த வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பதை எல்லோரும் கண்டோம். ஆனால் இந்தத் தொழிலில் விற்பவர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, எக்சிலேட்டரை விட்டதும் அது நின்றுபோனால், "காபரேட்டர் முடிந்துவிட்டது" என்று தரகர் விலையைக் குறைப்பார். கராஜுக்குப் போனாலும் புதிய காபரேட்டர் ஒன்றைப் பூட்டச் சொல்வார்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டுமே தேவையில்லாத செலவு.

உதாரணத்திற்கு பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் போன்ற ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களை எடுத்துக்கொள்வோம். இவற்றில் பூட்டப்பட்டது அமல் காபரேட்டர். 1927இல் மூன்று காபரேட்டர் கம்பனிகள் ஒன்றிணைந்து உருவான நிறுவனம் அது. 1967இல் வந்த அதன் 'கன்சென்ட்ரிக்' மாதிரியே பிற்கால வண்டிகளில் அதிகம். இதன் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் தயாராகின்றன என்பதைப் பலர் அறிவதில்லை.

காபரேட்டர் ஒரே வழியால் எப்போதும் பெற்றோல் கொடுப்பதில்லை. எக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும், எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரையும் வேலை செய்வது பைலட் வழி. அதன்பின் கால்பங்கு வரை சிலைடின் வெட்டு, முக்கால்பங்கு வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். ஆகவே வண்டி வேகத்தில் ஒழுங்காக ஓடி, சிக்னலில் மட்டும் நிற்கிறதென்றால் மெயின் ஜெட்டைக் கழற்றி மாற்றுவதில் பயனில்லை.

காபரேட்டரைத் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். வெள்ளையாக வெளிறியிருந்தால் காற்று அதிகம். பொயின்ட் இடைவெளி சுமார் 0.015 அங்குலம் இருக்க வேண்டும். வால்வு இடைவெளியையும் பாருங்கள். பொயின்டில் உள்ள பிழையைக் காபரேட்டர் ஸ்குரூவால் சரிசெய்யப் போய் நாள் முழுவதும் வீணாக்கியவர்கள் ஏராளம்.

அடுத்தது காற்றுக் கசிவு. என் அனுபவத்தில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். ஐடில் ஏறி இறங்கினாலோ, எக்சிலேட்டரை விட்ட பின்னும் வேகம் மெதுவாகவே இறங்கினாலோ இதைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது காபரேட்டர் சிலிண்டருடன் சேரும் இடத்தில் மெல்லிய எண்ணெய்யைச் சில துளி விடுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். பெற்றோலை மட்டும் தெளிக்காதீர்கள், தீப்பிடிக்கும். அமல் காபரேட்டரின் உடல் மென்மையான உலோகம். இரண்டு நட்டையும் பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் முகப்பு வளைந்துவிடும். நட்டைத் தளர்த்தியதும் சிலைட் இலகுவாக அசைந்தால், வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடித் தட்டில் மெல்லிய எமரித் தாளை வைத்து முகப்பைத் தேய்த்துச் சமப்படுத்தலாம். புதிய ஓ-ரிங் போட்டு, இரு பக்கமும் சமமாக, அளவோடு இறுக்குங்கள்.

கசிவு இல்லையென்றால் பைலட் வழி அடைபட்டிருக்கலாம். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டின்போது மாதக்கணக்கில் மூலையில் நிறுத்திய வண்டிகளில் இது சாதாரணம். கிண்ணத்தில் தங்கிய பெற்றோல் காய்ந்து பசையாகிவிடும். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. பக்கவாட்டில் உள்ள காற்று ஸ்குரூவைத் திருப்பும்போது எஞ்சின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்த வழியில் பெற்றோலே வரவில்லை.

இங்குதான் கன்சென்ட்ரிக்கின் குறும்பு. முதலில் வந்தவற்றில் பைலட் ஜெட்டைக் கழற்றலாம். பின்னர் வந்தவற்றில் அது காற்று ஸ்குரூவின் துளைக்கு உள்ளே அழுத்திப் பூட்டப்பட்டிருக்கும், வெளியே தெரியாது. காபரேட்டரை முழுமையாகச் சுத்தம் செய்ததாகச் சொல்லும் மெக்கானிக் இதைத் தொட்டிருக்கவே மாட்டார். அதன் துளை 0.016 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீற்றர்தான். 78ஆம் இலக்கத் துளைக்கம்பியை விரலால் மெதுவாகச் சுழற்றி உள்ளே விட வேண்டும். டிரில் மெஷினில் பூட்டவே கூடாது. பின்னர் காபரேட்டர் கிளீனரை அடித்தால், சிலைடுக்குக் கீழே உள்ள இரு சிறு துளைகளாலும் அது வெளியே வர வேண்டும். ஒன்றால் மட்டும் வந்தால் வேலை முடியவில்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், அது எதிர்பாராத பக்கத்தால் பீறிடும்.

இவையெல்லாம் முடிந்த பின்பே ஸ்குரூ. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். கேபிளில் சிறிது தளர்வு இருக்கட்டும். காற்று ஸ்குரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். சிலைடைத் தாங்கும் ஸ்குரூவால் ஐடிலைச் சற்று உயர்த்தி, காற்று ஸ்குரூவை இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் விடுங்கள். பின்னர் ஐடிலைக் குறைத்து, மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். அமலில் உள்ளே திருப்பினால் காற்றுக் குறைந்து கலவை தடிக்கும். ஜப்பான் வண்டிகள் சிலவற்றில் இது நேர்மாறு. ஸ்குரூ சிலைடுக்கு எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துவது. பில்டர் பக்கம் இருந்தால் காற்றை.

இத்தனைக்குப் பிறகும் நிற்கவில்லையானால் சிலைடைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பல ஆண்டு ஓடிய சிலைடும் அது ஓடும் துளையும் தேய்ந்து, இடைவெளியால் காற்று புகும். அப்போதுதான் புதிய சிலைடுக்கோ புதிய காபரேட்டருக்கோ பணம் கொடுப்பது நியாயம். அதிலும் மலிவான போலிப் பிரதியை வாங்காதீர்கள். பழைய வண்டியைத் தேடி வருபவர் முதலில் பார்ப்பது அசல் பாகங்களைத்தான். கழற்றிய பழையதை பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்து, விற்கும்போது வண்டியோடு கொடுங்கள். விலை பேசும்போது அதுவும் கணக்கில் வரும்.