தொலைந்த லேப்டாப்பை ‘டிராக்’ செய்துவிடலாமா?

எழும்பூரில் இரவு ரயில் ஏறி, விழுப்புரம் தாண்டியதும் அசந்து தூங்கி, திண்டுக்கல்லில் கண் விழித்தால் தலைமாட்டில் வைத்த பை இல்லை. பறிகொடுத்தவரைச் சுற்றிப் பெட்டியே கூடிவிடும், ஆளுக்கொரு யோசனையோடு. அதில் பாதியை நம்பினால் லேப்டாப்போடு நிற்காது, பேங்க் கணக்கும் சேர்ந்து போகும்.

நம்பிக்கை: பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன், உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் அது வாசல் கதவு. கொல்லைப்புறம் திறந்தே கிடக்கிறது. அடிமூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி, உள்ளிருக்கும் எஸ்.எஸ்.டி.யை உருவி, அதற்கென விற்கும் யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும். ஆதார் ஸ்கேன், சம்பளச் சீட்டு, குடும்பப் படங்கள் எல்லாம் அப்படியே வரும்.

இதைத் தடுப்பது என்கிரிப்ஷன் ஒன்றுதான். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் பல மாடல்களில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’, மேக்கில் ஃபைல்வால்ட். தனிக் காசு எதுவும் வேண்டாம். பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் ஒன்றைத் தரும். அதை அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமித்து வைக்கும் புண்ணியவான்கள் உண்டு. தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள்.

நம்பிக்கை: போலீஸ் மனசு வைத்தால் ஐ.எம்.இ.ஐ. நம்பரை வைத்துப் பிடித்துவிடும்.

அது செல்போன் கதை. தொலைந்த போனை முடக்க ‘சஞ்சார் சாத்தி’ தளம் இருக்கிறது. லேப்டாப்பில், சிம் போடும் சில மாடல்களைத் தவிர, ஐ.எம்.இ.ஐ. எண்ணே கிடையாது. நெட்வொர்க் கார்டுக்கு மேக் அட்ரஸ் (MAC) இருக்கிறதே என்பார்கள். அது வைஃபை ரூட்டரைத் தாண்டி வெளியே போகாது. சீரியல் நம்பரும் எந்தச் சிக்னலும் அனுப்பாது. ஆனால் திருடனிடமோ கடையிலோ பொருள் சிக்கும் நாளில், அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அந்த எண்தான் கைகொடுக்கும்.

நம்பிக்கை: ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ இருக்கே!

இருக்கிறது, முன்கூட்டியே ஆன் செய்து வைத்தவருக்கு. அதுவும் லேப்டாப் இன்டர்நெட்டில் இணைந்தால்தான் இடம் காட்டும். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டால் அதுவும் போச்சு. பெரும்பாலான லேப்டாப்களில் ஜி.பி.எஸ். இல்லாததால் அக்கம்பக்கத்து வைஃபையை வைத்தே இடத்தை ஊகிக்கிறது. மேப்பில் தெரிவது ஒரு வட்டம். அது வேளச்சேரி அடுக்குமாடி ஒன்றில் விழுந்தால் எந்த மாடி என்று தேடுவது? தனியாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

ஆப்பிள் மேக் இதில் ஒரு படி மேல். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் அருகிலுள்ள மற்ற ஆப்பிள் கருவிகள் வழியாக இடம் தெரிய வாய்ப்புண்டு. புதிய மேக்குகளில் ‘ஃபைண்ட் மை’ ஆன் ஆகியிருந்தால், அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் உரிமையாளரின் கணக்கு வேண்டும்.

நம்பிக்கை: திருடு போன ஊரில்தான் புகார் கொடுக்கணும், ரயில்வே நஷ்டஈடு தரும்.

இரண்டுமே தவறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-வது பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஓடும் ரயிலிலேயே டி.டி.இ.யிடம் சொல்லலாம், ரயில்வே உதவி எண் 139-க்கும் அழைக்கலாம். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்த்தால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகல் இலவசம். இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அவர்கள் கேட்பதும் அதைத்தான்.

நஷ்டஈடு? 1989 ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவின்படி, புக் செய்யாமல் கையோடு கொண்டுபோன பைக்கு, ஊழியரின் அலட்சியத்தை நிரூபித்தால் தவிர ரயில்வே பொறுப்பல்ல. பயணியின் பணம் திருடுபோன வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றமும் ரயில்வே பக்கமே நின்றது. ஆகவே, லோயர் பெர்த்துக்கு அடியில் தொங்கும் கம்பி வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுவதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நம்பிக்கை: கிடைத்துவிட்டால் ஸ்டேஷனில் போய் வாங்கிக்கொள்ளலாம்.

பறிமுதல் செய்த பொருள் கோர்ட்டுக்குக் கணக்குக் காட்டப்படும். மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டுத்தான் பெற வேண்டும். பில்லும் சீரியல் நம்பரும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

பறிபோன முதல் மணி நேரத்தில் தேடி ஓடுவதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. போனை எடுத்து, ஜிமெயில் முதல் ஆபீஸ் கணக்கு வரை அந்த லேப்டாப்பை வெளியேற்றி, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பிரவுசரில் லாகின் ஆகியே கிடக்கும் கணக்குகளுக்குத் திருடன் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

இதைப் படித்து முடித்த கையோடு லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, அடியில் உள்ள சீரியல் நம்பரைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.