உறங்கும் காரும் உறங்காத பெட்ரோலும்

காரை நிறுத்தி வைத்தால் அதன் வயிற்றிலுள்ள பெட்ரோலும் அப்படியே உறங்கிக் கிடக்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைச் சென்ற ஐப்பசி மாதத்து இரவொன்றில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு பாறசாலைக்கு அருகே, எல்லையை ஒட்டிய சிற்றூரில் இருக்கிறது. மாமா வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர். வைகாசியில் விடுப்பு முடிந்து புறப்படும்போது, "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வையி மக்களே, அத்தைக்கு ஓர் அவசரமுன்னா ஒதவும்" என்று சாவியை என்னிடம் தந்தார். கார்புரேட்டர் பொருத்திய பழைய கார். சாய்ப்பின் கீழ் பாதி நனைந்து நின்றது. நானும் ஞாயிறுதோறும் இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, கடமை முடிந்ததென்று பல்கலைக்கழகத்துக்கு ரயிலேறினேன். அத்தைக்கு மூச்சுத் திணறிய இரவில் அந்தக் கார் இருமுறை இருமிவிட்டு அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோ இருந்ததால் அத்தை பிழைத்தார்கள்.

மறுநாள் களியக்காவிளையிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணாச்சி, டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே மஞ்சள் நிறத்தில் ஒன்று, கீழே கலங்கலாக இன்னொன்று. நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை. எங்கள் ஊரைப் போலவே!

காரணம் இதுதான். நம் நாட்டில் 2003-இல் பெட்ரோலுடன் எத்தனால் என்னும் எரிசாராயம் கலக்கத் தொடங்கினார்கள். 2022-இல் அது பத்து விழுக்காட்டை எட்டியது, 2025-இல் இருபதாயிற்று. பெட்ரோலுக்குத் தண்ணீர் பகை. எத்தனாலோ இருவருக்கும் நண்பன். சிறிதளவு தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதைத் தன்னுள் ஒளித்துக் கொள்ளும். பத்து விழுக்காட்டுக் கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லி வரை இது நடக்கும். இருபதில் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடுகிறது. பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

ஐயமுள்ளவர்கள் ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், தீயின் அண்டை இல்லாமல் சோதிக்கலாம். அளவுகுடுவையில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலாயின் அடியில் அதே 10 மில்லிதான் நிற்கும். இருபது விழுக்காடு கலந்ததாயின் அடித்தட்டு 30 மில்லியை நெருங்கும்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றின் ஈரமே போதும் என்று சிலர் சொல்லுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஆனியிலும் ஐப்பசியிலும் இருமுறை மழை பெய்யும் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும், மூடி இறுக்கமாக இருந்தால் காற்று மட்டும் ஐந்து மாதத்தில் இவ்வளவு கொண்டுவராது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. சாய்ப்பில் ஒழுகிய மழை அவ்வழியே இறங்கியிருக்கிறது. டாங்கில் கால்பங்கு பெட்ரோல்தான் இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய, அதைப் பிரிக்கப் போதுமான தண்ணீரும் குறைவுதானே!

தண்ணீர் ஒருபுறமிருக்க, பெட்ரோல் தானாகவும் மூப்படைகிறது. அதன் இலேசான பகுதிகள் முதலில் ஆவியாகின்றன. குளிர்ந்த எஞ்சினைத் தட்டி எழுப்புபவை அவைதாம். எஞ்சிய சிலவற்றை உயிர்வளி தாக்கிப் பிசினாக்குகிறது. கார்புரேட்டரின் ஊசித் துளைகளை அடைப்பது அந்தப் பிசின். பனி பெய்யும் நாடுகளில் மாதக்கணக்கில் காரைக் கொட்டகையில் நிறுத்துபவர்கள் டாங்கை நிரப்பி, பிசினைத் தடுக்கும் மருந்தும் சிறிது ஊற்றி வைப்பார்கள். அவர்களுக்குக் குளிரே பாதி காவல். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் இத்தகைய வேதிவினைகள் ஏறக்குறைய இருமடங்கு விரைவு பெறும் என்பது நாம் படித்ததுதான். நமக்கோ ஆண்டு முழுவதும் கோடை, நடுவே மழை. கெட்டுப்போன பெட்ரோலை அம்மருந்து திருப்பித் தராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு நிமிட ஓட்டமும் வீண்வேலை என்றார் அண்ணாச்சி. எஞ்சின் சூடேறுமுன் நிறுத்தினால் புகைக்குழாயில் நீர் தங்கும், பாட்டரியும் இளைக்கும். பதினைந்து நாளுக்கொருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டினால்தான் பழையது எரிந்து புதியது ஊற்ற இடம் பிறக்கும். மாதக்கணக்கில் ஓட்ட ஆளில்லையென்றால் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லைக்கு அப்பால் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு என்பதால், களியக்காவிளையில் பிடித்துக் கேனில் சேர்த்து வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. உரிமமின்றி வீட்டில் 30 லிட்டருக்கு மேல் வைப்பது சட்டப்படி குற்றம். மாமாவும் ஒரு கேன் வைத்திருந்தார். திறந்தேன், வார்னிஷ் நாற்றம் அடித்தது. மிச்சம் பிடித்த பணம் அவ்வளவும் அந்த நாற்றத்தில் போயிற்று. கிணற்றடி மண்ணில் ஊற்ற மனமில்லாமல், அதையும் டாங்கில் வடித்ததையும் அண்ணாச்சியிடமே ஒப்படைத்தேன். புதிய ரப்பர் வளையம் அன்றே மாட்டியாயிற்று. சாய்ப்பின் ஒழுக்கைத்தான் இன்னும் அடைக்கவில்லை. மாமா கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.